நாற்காலியைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோன அப்பா

என் அப்பா விருத்தாசலம் விழுப்புரம் ரயிலடியில் பார்சல் கிளார்க். ஒரு வேலையை முடிந்தது என்று விட அவருக்குத் தெரியாது. அதை நல்ல குணம் என்று அவரோடு வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் யாரும் அவரோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை.

1958இல் அக்கா அம்சவள்ளியைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வருவதாக முடிவானது. மாப்பிள்ளையின் அப்பா மாரியப்பன் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்தார். அவரை உட்காரவைக்க வீட்டில் நல்ல நாற்காலி இல்லை. ரயில்வே ஏலத்தில் அப்பா எடுத்த தேக்கு நாற்காலி ஒன்று மட்டும் கால் ஆடியபடி பின்கட்டில் கிடந்தது.

"ஆசாரியக் கூப்புடுங்க" என்றாள் அம்மா. அப்பா கேட்கவில்லை. காலைக் கழற்றி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினார். வீடெல்லாம் தோல் வெந்த நாற்றம். உப்புத்தாளால் தேய்க்க எங்களையும் உட்காரவைத்தார். பிறகு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷ் போட்டார். நாற்காலி பளபளத்தது. போதும் என்று கெஞ்சினோம்.

"இந்தக் கை மட்டும் மங்கலா கீது பாரு" என்று, அவர்கள் வருகிற அன்று காலையிலும் இன்னொரு பூச்சுப் பூசினார்.

அது மதுவிலக்குக் காலம். சாராயம் கிடைக்காதவர்கள் பாலிஷையே வடிகட்டிக் குடித்தார்கள். ஒரு வீட்டில் அந்த வாசனை அடித்தால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், அப்பாவைத் தவிர.

மகனோடு வந்த மாரியப்பன் வாசலில் கால் வைத்ததுமே மூக்கைச் சுளித்தார். கும்பிட்டபடி எதிரே போன அப்பாவின் கையிலும் வேட்டியிலும் ஸ்பிரிட்.

"நாற்காலிங்க. நான் தொடறதே இல்லீங்க" என்றார் அப்பா, யாரும் கேட்கும் முன்பே. பதற்றத்தில் நாக்கு வேறு குழறியது.

மாரியப்பன் நின்றபடியே காப்பி குடித்தார். "வூட்ல கலந்துக்கினு சொல்றோங்க" என்று கிளம்பிவிட்டார்.

அதன்பின் தகவலே இல்லை. அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதைப் பார்த்த அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்.

"நாற்காலிய நேர்ல காட்டிட்டா தீந்துச்சு."

"ஊரே சிரிக்கும்பா!" என்றேன்.

"நீ அந்தப் பக்கம் புடி."

பஸ்ஸின் மேலே கட்டிக்கொண்டு போய், மாரியப்பனின் வீட்டை ஒட்டிய மண்டியில் இறக்கினோம்.

"மோந்து பாருங்க" என்றார் அப்பா.

மாரியப்பன் குனிந்து முகர்ந்தார். "ஒரு வாசனையும் இல்லீங்களே."

ஸ்பிரிட் எப்போதோ ஆவியாகிப் போயிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா பைக்குள் கையை விட்டுப் பாலிஷ் பாட்டிலை எடுத்தார். வழியில் போலீஸ் சோதனை போட்டிருந்தால் இருவரும் உள்ளே போயிருப்போம். அவர் அங்கேயே பஞ்சை நனைத்துத் தேய்க்கத் தொடங்கினார். மண்டி முழுக்க வாசனை. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் ஓடி வந்து, "இன்னா சாமி, எங்க கெடச்சுது?" என்றார்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அம்மா தையல்நாயகி வெளியே வந்தார். அப்பா பாட்டிலைச் சாய்த்துப் பஞ்சை நனைப்பதைப் பார்த்தார்.

"ஏங்க, குடிக்கிறவரா இருந்தா இத்தப் போயி கட்டையில ஊத்துவாரா?" என்று கணவரைக் கேட்டார்.

மாரியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "தையில வச்சுக்கலாம் சம்பந்தி. எழுந்திருங்க."

அப்பா நிமிரவில்லை. "இருங்க, ஒரு கால் மட்டும் பாக்கி கீது" என்றார்.

நான் அவர் கையிலிருந்து பஞ்சைப் பிடுங்கிக்கொண்டேன்.