தொப்பிக்குக் காரணம் கேட்காத இடம்

தேக்கா சந்தையின் மேல்மாடியில், சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது கவிதாவின் அழைப்பு வந்தது. "ஆண்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலையில, தூக்கத்துலேயே." தையல்காரர் இரண்டு நூல்கண்டுகளை நீட்டி, "அக்கா, இதுல எந்தக் கலர் வைக்கட்டும்?" என்றார். "கேட்டுச் சொல்றேன்" என்று பழக்கத்தில் வாயெடுத்தேன். கேட்பதற்கு ஜெயக்கொடி டீச்சர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பள்ளியில் அவர் கணிதம் கற்பித்தார், நான் தமிழ். ஓய்வு பெற்ற பிறகும் நாங்கள் ஒருவரையொருவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். பெயர் சொன்னால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மார்சிலிங்கில் ஒரு சின்ன வீட்டில், ஒற்றைச் சம்பளத்தில், மகள் கவிதாவை வளர்த்தார். ஆனால் அவர் பள்ளி வாசலில் நுழையும்போது காவலாளி முதல் தலைமையாசிரியர் வரை அவர் கட்டியிருக்கும் சேலையை ஒரு நொடி நின்று பார்ப்பார்கள் என்பது இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அவரிடம் சேலைகள் குவிந்து கிடக்கின்றன என்று புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் நம்பினார். எத்தனை என்று நேரடியாகவே கேட்டும்விட்டார். டீச்சர் மறுநாள் அதையே வகுப்பில் கணக்காகப் போட்டார். ஆசிரியர் அறையில் எங்களுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார்: "நாலு சேலை, ஆறு ரவிக்கை. எல்லாம் எல்லாத்தோடயும் சேரும். எத்தனை நாள் புதுசா வரலாம்னு கேட்டேன். இருபத்துநாலுன்னு கத்துதுங்க. ஒருத்தி மட்டும் கையத் தூக்கி, துவைக்கப் போட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேக்குறா. அவதான் முன்னேறுவா பாருங்க!"

அவரோடு துணி வாங்கப் போவது ஒரு பாடம். சிராங்கூன் சாலைக்கு உள்ளே தள்ளி, நாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் டீச்சர் அங்கே போவார். சுருளின் கடைசியில் மிஞ்சிய துண்டுகளைக் கிளறுவார். "பாய், இந்தத் துண்டை என்னை விட்டா யாரும் எடுக்க மாட்டாங்க. பாத்துப் போட்டுக் குடுங்க." பாய் தலையில் கை வைத்துக்கொள்வார். "டீச்சர், நீங்க கேக்குற வெலைக்கு நான் கடைய மூடிட்டு உங்க ஸ்கூல்ல வந்து உக்காந்துக்கிறேன்." "வாங்க, வாய்ப்பாடு சொல்லித் தரேன். வெலை தப்பாப் போடுறீங்கல்ல!" இருவரும் சிரித்தபடி சண்டை போடுவார்கள். துண்டு எங்கள் பைக்கு வந்துவிடும்.

வெளியே வந்ததும் எனக்குச் சொல்வார்: "தோள்ல சரியா உக்காந்தா போதும் டீச்சர். மத்ததெல்லாம் நாம வீட்டுல சரி பண்ணிக்கலாம்." இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "பழசா இருக்கலாம், கசங்கி இருக்கக்கூடாது."

பிறகு நோய் வந்தது. கீமோ சிகிச்சையில் முடி முழுவதும் கொட்டியது. அந்த வேளையில் எங்கள் பழைய மாணவி ஒருத்தியின் திருமணம் லிட்டில் இந்தியாவில் நடந்தது. டீச்சர் தலையில் அழகாகத் துணி சுற்றி, அதற்கேற்ற மஞ்சள் நிறப் பட்டு கட்டி வந்தார். வந்தவர்கள் அவரை ஓரமாக, காற்றுப்படும் இடத்தில் உட்காரவைத்தார்கள். ஒருவர் ரசம் சாதம் கொண்டுவந்தார். இன்னொருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி இருந்தவங்க நீங்க!" என்றார். எல்லாமே அன்புதான்.

திரும்பும் வழியில் ரயிலில் டீச்சர் சொன்னார்: "பாக்குறவங்க கண்ணு நேரா தலைக்குப் போகுது. அப்புறம் கீழ எறங்கவே மாட்டேங்குது. இந்தச் சேலைய ஒருத்தர்கூடப் பாக்கல டீச்சர்." அதன்பின் அவர் மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் போகவில்லை. கவிதா கெஞ்சினாள், நான் கெஞ்சினேன். "எல்லாரும் என்னைப் பாக்க வரட்டும்லா, நான் எங்கயும் வரல" என்று கதவை மூடிக்கொண்டார். சாப்பாடும் குறைந்தது. நோயைவிட அந்த மூடிய கதவுதான் அவரை முதலில் கொண்டுபோய்விடுமோ என்று நாங்கள் பயந்தோம்.

ஒரு நாள் அவரே கூப்பிட்டார். முதல்நாள் மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது, அவர் வீட்டுக்கு ஒரு நிலையம் முன்னதாக, கிராஞ்சியில், பெரிய பெரிய தொப்பி போட்ட பெண்கள் கூட்டமாக இறங்கினார்களாம். குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவர்கள். அங்கிருந்த பந்தயத் திடலையே மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்திருந்த காலம் அது.

"டீச்சர், தொப்பி போட்டுட்டுப் போனா ஏன்னு கேக்காத எடம் இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. போவோமா?"

"குதிரைப் பந்தயத்துக்கா? தெரிஞ்சவங்க யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"வயசான காலத்துல ரெண்டு டீச்சரும் கெட்டுப் போயிட்டாங்கன்னு நினைப்பாங்க. நினைக்கட்டும்லா. நாம குதிரையப் பாக்கவா போறோம்? குதிரை நம்மளப் பாக்கட்டும்!"

பல வாரங்களுக்குப் பிறகு அவர் குரலில் கேட்ட குறும்பு அது. நான் மறுக்கவில்லை.

தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கடையில் சாதாரண ஓலைத் தொப்பி ஒன்று வாங்கினார். கொதிக்கும் பானையின் ஆவியில் காட்டி, விளிம்பை ஒரு பக்கம் மட்டும் மேலே வளைத்தார். பாயிடம் வாங்கிய ஊதாத் துண்டைப் பட்டையாக மடித்துச் சுற்றினார். முடியில்லாத தலையை ஓலை உறுத்துமே; உள்ளே பழைய வேட்டித் துணியை வைத்துத் தைத்தார். ஊசி குத்தி நிறுத்தவும் முடி கிடையாது. பின்கழுத்துக்கு ஒரு ரப்பர் பட்டி வைத்தார். பிறகு சேலையோடு அதை அணிந்து கண்ணாடியில் பார்த்தார். "ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போற மாதிரி இருக்கேன்" என்று அவரே சிரித்தார். திருமணத்துக்குக் கட்டிய அந்தப் பட்டுச் சேலையைக் கரை கீழே வரும்படி நீளப் பாவாடையாகத் தைத்தார். மேலே, புக்கிட் மேராவில் பழைய துணி விற்கும் கடையில் கிடைத்த வெள்ளைச் சட்டை. மெலிந்த இடுப்பில் அகலமான ஒரு பெல்ட்டு. எனக்கு உத்தரவு சுருக்கமாக வந்தது: "உங்க நீலச் சேலை. செருப்பு வேணாம், திடல் மேல்மாடத்துல விட மாட்டாங்க. நல்ல ஷூ போடுங்க."

நான் கிளமெண்டியிலிருந்து ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது, கிராஞ்சி நிலையத்தில் நின்றிருந்தவரை ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அங்கே நிஜமாகவே யாரும் எதுவும் கேட்கவில்லை. பந்தயத் தாளை மடித்து வைத்திருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் மட்டும், "தொப்பி பிரமாதம்மா. எந்தக் குதிரைக்குப் போட்டீங்க?" என்றார். "எனக்காகத்தான் போட்டேன்" என்றார் டீச்சர். நாங்கள் பணம் ஏதும் கட்டவில்லை. குதிரைகள் ஓடியபோது அவர் ஜாக்கிகளின் சட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சையும் ரோஸும் யார் சேர்த்தா? பாவம், அந்தக் குதிரை வெக்கத்துலதான் பின்னாடி ஓடுது."

அப்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து ஒரு சீனப் பெண்மணி வந்தார். எங்கள் வயதுதான். அவர் தலையில் இறகு வைத்த பெரிய சிவப்புத் தொப்பி. டீச்சரின் தொப்பியைப் புகழ்ந்துவிட்டு, மாற்றிப் போட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

தலைவலி, வெயில் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்க நான் எழுந்தேன். டீச்சர் என் கையைத் தொட்டு உட்காரவைத்தார். பிறகு ரப்பர் பட்டியை விலக்கித் தொப்பியைக் கழற்றினார். அத்தனை பேர் நடுவில், வெறும் தலையோடு, அதை நீட்டினார்.

அந்தப் பெண்மணி தலையைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அவர் பார்வை அங்கே நிற்கவில்லை, தொப்பிக்கு இறங்கிவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த மடிப்பை எப்படிப் போட்டீர்கள்? இந்த ரிப்பன் எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். ரிப்பன் இல்லை, ரவிக்கைத் துணி என்று டீச்சர் சொன்னார். விலையையும் சொன்னார். அதைக் கேட்டு அந்தப் பெண்மணி போட்ட சத்தத்தில் நாலைந்து பேர் திரும்பினார்கள். தன் சிவப்புத் தொப்பியை அவரே டீச்சரின் தலையில் வைத்து, இறகு முன்னால் வரும்படி திருப்பினார். எங்கள் மூவரையும் யாரோ படம் எடுத்தார்கள். டீச்சருக்கு மடிப்பைப் பற்றி இன்னும் சொல்ல நிறைய இருந்தது. இரண்டு பந்தயங்கள் ஓடி முடிந்தன, அவர்கள் இருவரும் பார்க்கவே இல்லை.

மறுவாரம் டீச்சர் தனியாகக் கடைக்குப் போனதாகக் கவிதா சொன்னாள். தலையில் எதுவும் சுற்றாமல். முடி திரும்ப வளர்ந்தது. நல்ல நாட்கள் கொஞ்சம் கிடைத்தன. பிறகு நோயும் திரும்பியது. கடைசி முறை பார்க்கப் போனபோது, மருத்துவமனை அங்கியின் கழுத்தை இழுத்துக் காட்டி, "இதத் தச்சவனுக்குத் தோள்னா என்னன்னே தெரியாது" என்றார். நான் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னை ஏற இறங்கப் பார்த்து, "அந்தத் தோடு உங்க முகத்துக்கு நல்லா இருக்கு டீச்சர்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

நண்பர்களே, அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கவிதா கொடுக்க வந்தபோதும் நான் வாங்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பார்க்கும் விதம் ஒன்றைத்தான்.

சென்ற வாரம் எங்கள் புளோக் மின்தூக்கியில் ஒரு பெண் ஏறினார். தலையில் துணி, கையில் மருத்துவமனைப் பட்டை. யாரென்று எனக்குத் தெரியாது. அவர் கட்டியிருந்த பருத்திச் சேலையின் கரையைப் பார்த்து, எங்கே வாங்கினது என்று கேட்டேன். முதலில் தயங்கினார். பிறகு கடையைச் சொன்னார், கடைக்காரர் முதலில் சொன்ன விலையைச் சொன்னார், தான் எழுந்து வெளியே போவதுபோல நடித்ததைச் சொன்னார். அவருடைய மாடி வந்துவிட்டது. கதவு மூடாமல் ஒரு காலால் தடுத்துக்கொண்டு, மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனார்.