டெம்ப்ளேட் அழித்த வரிகள்

பத்தாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராய்த் திரிந்தவன் நான். போன இடங்களில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டதால், கோவையில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே டேட்டாபேஸில் உள்ள ஒவ்வொரு டேபிளுக்கும், அதாவது தகவல் அட்டவணைக்கும், அதைக் கையாளும் கிளாஸ் என்ற புரோகிராம் ஃபைலை ஒரு டெம்ப்ளேட் தானாகவே எழுதித் தரும். காங்கேயத்து எண்ணெய் மில் ஒன்றுக்காக, கொப்பரை எடையில் ஈரத்துக்குக் கழிக்கும் கணக்கை, டெம்ப்ளேட் எழுதிய ஃபைலுக்குள்ளேயே கையால் சேர்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு டேபிளில் ஒரு மாற்றம் வந்தது. கூட வேலை செய்த நஸ்ரின் டெம்ப்ளேட்டை மறுபடி ஓட்டினார். ஃபைல் புதிதாக எழுதப்பட்டது. என் வரிகள் அழிந்தன. மில்லில் ஈரம் கழிக்காமலே பில் போட்டிருந்தார்கள். கொப்பரைக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்ட மில்காரர் போனில் கத்தினார். வேலை போய்விடும் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். தப்பு நடந்தால் அடுத்த பஸ் ஏறுவதுதான் என் வழக்கம்.

"ஓட்டுனது நானுங்க. பாக்காம ஓட்டிப்போட்டேன்," என்று நஸ்ரின் எங்கள் அலுவலக முதலாளியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, பையோட எங்க கெளம்பிட்டீங்க? அந்தக் கணக்கு உங்களுக்குத்தானுங்க தெரியும். தனி ஃபைல்ல எழுதுங்க, டெம்ப்ளேட் அதத் தொடாது."

"தப்பு என்னுதுங்க," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தத் தனி ஃபைல் இன்னும் ஓடுகிறது. தப்பு செய்த பிறகும் நான் தங்கிய முதல் ஊர் இதுதான்.