மேனேஜர் சாப்பிடவில்லை

செய்தி வந்தது மாலை நாலு மணிக்கு. மருந்துக்கடையில் அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். போனில் கணவரின் கூட்டாளி.

"அண்ணி, அண்ணன் லிப்ட் மேல உக்காந்தபடியே சாஞ்சிட்டாரு. டாக்டர் பாத்துட்டு... உயிர் இல்லைன்னுட்டாரு."

அவள் மீதி மாத்திரையையும் வெட்டி, கவரில் போட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்லி வாடிக்கையாளரிடம் கொடுத்தாள். அப்புறம்தான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கணவர் லிப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலும் கீழும் அனுப்பியவர், தன் மாடிவீட்டுக்கு மூச்சிரைக்கப் படியேறித்தான் வருவார். போன மாதம் ஒருநாள் சட்டைக்குள் நாய்க்குட்டியோடு வந்து நின்றார்.

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்பே. அதான் கேக்கல."

"பேராவது வச்சாச்சா?"

"மேனேஜர். வேலை ஒண்ணும் செய்யறதில்ல, வர்றவன் போறவனையெல்லாம் பாத்துக் குரைக்குது. வேற என்ன பேரு வைக்க?"

அவள் விடியுமுன் கடைக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பி வந்தால் அடித்துப்போட்டது போல் தூக்கம். குட்டிக்கு ஆகாரம் வைப்பது, நனைத்த இடத்தைத் துடைப்பது, செருப்பைக் கடித்தால் கண்டிப்பது எல்லாம் அவர் பாடு. "செல்லமெல்லாம் கிடையாது. தொழில் சுத்தமா பழக்கறேன் பாரு" என்று பீற்றிக்கொள்வார். என்ன பழக்கினார் என்று அவள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள், கிண்ணத்தில் வைத்த பாலும் ரொட்டியும் அப்படியே இருந்தன. நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். "வாயில்லா ஜீவன், அதுக்குத் தெரியுது" என்றாள், அண்ணியின் காய்ந்த கண்ணைப் பார்த்தபடி.

உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அவள் கிண்ணத்தைக் கழுவிப் புதிதாக வைத்தாள். குட்டி முன்னால் வந்து உட்கார்ந்தது, தொடவில்லை. கெஞ்சினாள், அதட்டினாள். விரலில் தொட்டு நீட்டினாள்; முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதுவும் போய்விடுமோ என்று கிண்ணத்தை அதன் மூக்கருகே தள்ளினாள்.

"உனக்கு மட்டும்தான் துக்கமா, சனியனே" என்றாள்.

அவருடைய கருவிப்பையைக் கொடுக்க வந்த கூட்டாளி வாசலிலேயே நின்றுவிட்டான். குட்டியின் வாயிலிருந்து எச்சில் நூலாகத் தரையில் வடிந்துகொண்டிருந்தது.

"அண்ணி, இது துக்கத்துல பட்டினி கெடக்கல. உத்தரவுக்குக் காத்திருக்கு."

குனிந்து, விரல் முட்டியால் தரையில் இரண்டு முறை தட்டினான். மேனேஜர் கிண்ணத்துக்குள் தலைகுப்புற விழுந்தது.

அத்தனை பசியோடு, அவள் கண்ணெதிரிலேயே காத்திருந்திருக்கிறது.

"மேல இருக்கறவர் ரெண்டு தடவை தட்டினாத்தான் கீழ இருக்கறவன் சுவிட்சைத் தொடணும். எங்க வேலை அப்படி. தலைபோற அவசரமா இருந்தாலும் தொடக்கூடாது. அதையே இதுக்கும் பழக்கியிருக்காரு மனுஷன்." அவன் குரல் இறங்கியது. "அன்னைக்கு நானும் கீழ அதுக்குத்தான் நின்னுக்கிட்டிருந்தேன். டீ குடிக்கிறாரோன்னு நெனச்சேன், அண்ணி."

அவள் கருவிப்பையை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

வயிறு நிறைந்ததும் குட்டிக்குத் தெம்பு வந்துவிட்டது. படிக்கட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தது. அவள் பாய்ந்து, முதல் படியில் அதைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அது உருண்டு விழாமலிருக்க அவர் மாட்டத் தொடங்கிய சிறிய கதவு அங்கே ஒருக்களித்துத் தொங்கியது. மேல் கீல் மட்டும்தான் மாட்டியிருந்தது. கீழ்க் கீல் திருகாணிகளோடு சுவரோரம் கிடந்தது.