விளக்கை நூர்த்தவள்

றொசாந்திக்கு வினை வந்தது ஒரேயொரு சொல்லால்தான். அது கெட்ட சொல்கூட இல்லை. குருநகரில் எந்த வீட்டிலும் படுக்கப் போகும்போது சொல்கிற சொல்.

அவள் எனக்குப் பக்கத்து வீடு. கிழமை நாட்களில் பெரியகடைத் தெருவில் ஒரு தையற்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல்நன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்குக் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மறைக்கல்வி படிப்பிப்பாள். கல்யாணம் முடித்துக் கனகாலமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் "ரீச்சர், ரீச்சர்" என்று சுற்றி நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அவளிடமிருந்து வேறு எதைப் பறித்தாலும் தாங்குவாள். அதைப் பறித்தால் உடைந்துபோவாள்.

இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. கைபேசியில் காமக்கதை எழுதினாள். இணையத்தில் அவள் பெயர் கடலரசன். இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்கள் "சார், பின்னிட்டீங்க" என்று எழுதுவார்கள். எனக்குக் காட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். உயர்தர வகுப்பில் நாங்கள் தமிழ் படித்தபோது, அகப்பாட்டில் கொஞ்சம் சூடான இடம் வந்தால் வாத்தியார் "உது சோதினைக்கு வராது" என்று பக்கத்தைத் தள்ளிவிடுவார். தள்ளிவிட்ட பக்கங்களைத்தான் றொசாந்தி முதலில் படித்தாள். காதலர்களின் பெயரைச் சொல்லக்கூடாது, உடம்பின் தவிப்பைக் கடலிலும் தாழையிலும் ஏற்றிச் சொல்லவேண்டும் என்ற தொழில் நுட்பமெல்லாம் அங்கே எடுத்ததுதான். பிறகு வந்த புலவர்கள் அரசனை வீதியில் உலா வரவைத்து, பார்த்த பெண்கள் எல்லோரையும் வளையல் கழல நிற்கவைத்தார்கள். அச்சுக்கூடம் வந்ததும் பெரிய மனிதர்கள் கூச்சமான சொற்களைத் தூக்கிவிட்டுப் புள்ளி வைத்தார்கள். புள்ளி வைத்த இடத்தை நிரப்பப் பஸ்நிலையத்துக்கு மஞ்சள் புத்தகம் வந்தது.

"நாலைஞ்சு பொம்பிளையளை விட்டால் எழுதினது முழுக்க ஆம்பிளையள்," என்பாள் அவள். "உருகிறதுக்கு மட்டும் நாங்கள்."

அவள் கதைகளில் உடுப்புக் கழற்றுகிற இடம் இரண்டு வரிதான் இருக்கும். கழற்றுவதற்கு முன் இருவரும் என்ன கதைக்கிறார்கள் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுவாள். கதை அங்கேதான் கிடக்கிறது என்பது அவள் கட்சி. வாசிக்கும்போது எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்.

ஊர் தெரியக்கூடாது என்று இந்தியத் தமிழில் எழுதினாள். "வாறன்" எல்லாம் "வர்றேன்" ஆனது. ஒரு இடத்தில் சறுக்கினாள். இந்தியாவில் விளக்கையும் அணைப்பார்கள், ஆளையும் அணைப்பார்கள், இரண்டுக்கும் ஒரே சொல். "விளக்கைக் கட்டிப்பிடிக்கிற மாதிரிக் கிடக்கு, எனக்குச் சிரிப்பு வருது," என்று அவள் அந்தச் சொல்லைத் தொடவே மாட்டாள். ஒவ்வொரு கதையிலும் எதையாவது சொல்லிச் சுற்றிப் போவாள். கடைசிக் கதையில் எழுதுகிற வேகத்தில் "அவள் விளக்கை நூர்த்தாள்" என்று வந்துவிட்டது. நாங்கள் விளக்கை நூர்ப்போம். ஆளைத்தான் அணைப்போம்.

யாரோ அந்தக் கதையின் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸப்பில் விட, அது குருநகர் முழுக்கச் சுற்றியது. வாசிக்காத பெண் இல்லை. வாசித்தேன் என்று சொன்ன பெண்ணும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் றொசாந்தியின் குசினியில் கறிக்குக் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் புருஷன் ஜெறோம் படகு மெசின் திருத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவனுடைய மூத்த அக்கா மக்டலீன் உள்ளே வந்தார். கோயில் மாதர் சபைக்கு அவர்தான் தலைவி, மறைக்கல்விக்கும் அவர்தான் பொறுப்பு. கையில் போன்.

"உதை எழுதினது இந்தியாக்காரன் இல்லை," என்றார். "இஞ்சை பார், 'நூர்த்தாள்' எண்டு கிடக்கு. எங்கடை ஆள்."

றொசாந்தி அகப்பையோடு நின்றாள்.

"இன்னொண்டு. ஒரு ர, ற பிழைக்கேல்லை. எங்கடை கோயில் பங்கிலை உப்பிடி எழுதிறது மறைக்கல்வி ரீச்சர்மார்தான். எனக்கு உன்னோடை படிப்பிக்கிற பெட்டை றஜிதாவிலைதான் சந்தேகம். நாளைக்குப் பாதரிட்டைச் சொல்லப்போறன். நீ என்ன சொல்லுறாய்?"

றஜிதாவுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். றொசாந்தியின் உதடு வெளுத்துவிட்டது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா," என்றான் ஜெறோம், சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல். "உதை எழுதினது நான்."

ஜெறோம் வாய் திறப்பது சாப்பிட மட்டும்தான் என்று ஊரில் பகிடி. மனைவியின் போனில் எல்லாக் கதைகளையும் ஒன்றுவிடாமல் வாசித்திருக்கிறான், மூச்சுவிடவில்லை. இதைப் பிறகுதான் என்னிடம் சொன்னான்.

நம்புவதுதான் மக்டலீன் அக்காவுக்குச் சுகமாக இருந்திருக்கவேண்டும், நம்பிவிட்டார்.

"வெக்கங்கெட்டவனே," என்றார். திட்டினாலும் குரலில் சூடு இல்லை. "ஆம்பிளையள் எண்டால் உப்பிடித்தான். அழிச்சுப்போட்டுப் பாவசங்கீர்த்தனம் செய். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலில் செருப்பைப் போடப்போன அக்கா திரும்பினார்.

"ஆனா ஒண்டு, தம்பி. பொம்பிளையின்ரை மனசு உனக்கு இவ்வளவு விளங்குமெண்டு நான் நினைக்கேல்லை. வாசிக்கேக்கை எனக்கே அழுகை வந்திட்டுது."

அந்த வார்த்தையோடு றொசாந்தியின் முகம் மாறியதை நான் கண்டேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மச்சாள், இவர் ஒரு கடிதம்கூட எழுதமாட்டார்," என்றாள். "அது நான் எழுதினது. ஒவ்வொரு சொல்லும் நான்தான்."

ஜெறோம் கையைக் கோப்பைக்குள்ளேயே கழுவினான். மக்டலீன் அக்காவின் கண் கலங்கியிருந்தது. கோபத்திலா வேறெதிலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"நீ எனக்கு உதைச் சொல்லியிருக்கப்படாது, றொசாந்தி. அவன் எண்டால் நான் வீட்டோடை விட்டிருப்பன்."

"தெரியும் மச்சாள்."

மறுநாள் அவளுடைய வகுப்பை றஜிதா எடுத்தாள். கோயில் கிட்டத்தானே, பிள்ளைகள் சேர்ந்து செபம் சொல்லும் சத்தம் எங்கள் வளவுக்குக் கேட்டது. றொசாந்தி என் மடியில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மனுசன் உன்னைக் காப்பாற்றித் தந்தாரே, வாயைக் கட்டியிருக்கக்கூடாதா என்று ஏசினேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"இன்னொருக்கால் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்," என்றாள்.