என்றோ அடித்த காற்றை எழுதியவள்

எப்போதோ அடித்து ஓய்ந்த காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று எழுதுவதுதான் என் உத்தியோகம். எழுபதுகளில், செங்கல்பட்டில் ஒரு மாடி அறை. பாய்மரக் கப்பல்காரர்கள் அன்றாடம் எழுதிவைத்த குறிப்பேடுகளின் பக்கங்கள் படம்பிடிக்கப்பட்டு எங்களிடம் வரும். அதில் காற்று, மழை, காற்றழுத்தம் மட்டும் பொறுக்கி எடுத்து அட்டையில் ஏற்ற வேண்டும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அந்தக் கரையில் முன்பு என்னென்ன புயல் வந்தது என்று மேலிடத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைப் படிக்க முயன்று கண் நொந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

புதுத் திசை

சேர்ந்த புதிதில், காற்றின் திசை எழுதும் பத்தியில் அடிக்கடி 'டூ' என்று இருந்தது. ஆங்கிலத்தில் டி, ஓ, இரண்டே எழுத்து. ஏதோ போர்த்துக்கீசியத் திசை போலிருக்கிறது என்று நானும் அட்டை அட்டையாக 'டூ' என்றே எழுதித் தள்ளினேன்.

கட்டு மேலிடத்துக்குப் போகும் நாளில், எங்கள் பிரிவுத் தலைவர் ஜமால் பாய் அதைப் பிரித்துப் பார்த்தார். அது டிட்டோவின் சுருக்கமாம்! மேலே உள்ளபடியே என்று அர்த்தம். நல்லவேளையாகக் கட்டு வாசல் தாண்டவில்லை. பாய் சிரித்துவிட்டார்.

"அந்தக் கேப்டன் இப்ப உயிரோட இல்லம்மா, பொழச்சே. இருந்தா உன் 'டூ' காத்தைத் தேடிக்கினே உலகத்தைச் சுத்தியிருப்பாரு."

மல்லிகா அக்கா வீட்டுக் கல்யாணம்

பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவின் பெண்ணுக்கு ஐப்பசியில் திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம். "மழை வருமா, சொல்லேண்டி" என்று தினமும் நச்சரிப்பு. நான் எழுதுவது பாட்டன் பூட்டன் காலத்து மழை என்றால் நம்பவில்லை. சர்க்கார் ரகசியத்தை மறைக்கிறேனாம். தொல்லை தாங்காமல் "பெய்யாதுக்கா" என்று சொல்லித் தொலைத்தேன்.

கல்யாணத்தன்று காலை வானம் கறுத்தது. நான் தாலியைப் பார்க்கவில்லை, மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு விழுந்து, பெண் வீட்டுப் பந்தி எல்லாம் எழுந்த பிறகுதான் கொட்டியது. அக்கா ஓடிவந்து என் கன்னத்தை வழித்தாள்.

"கரெக்டா சொன்னடி! நனைஞ்சதெல்லாம் மாப்பிள்ளை வூட்டு ஆளுங்கதான்!"

லாஞ்ச் திரும்பாத நாள்

என் வீட்டுக்காரருக்குக் கடலின் ஆழம் அளக்கும் லாஞ்சில், மோட்டார் படகில், வேலை. ஒரு கார்த்திகையில், காலையில் போன லாஞ்ச் திரும்பவில்லை. மதியத்துக்கு மேல் புயல். கரையில் அலை எழுந்து நின்றது என்று அவர் ஆபீஸ் ஆட்கள் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வீட்டில் மாமியாரின் அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. ஆபீசுக்கு வந்துவிட்டேன். கைக்கு வந்த பக்கத்தில், சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே நின்ற ஒரு கப்பல், புயல் வரவும் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்குப் போயிருந்தது. கரைக்கு அருகே இருந்தால் மோதி உடைந்துபோகும் என்று பயம். மூன்றாம் நாள் பக்கத்தில் வெயில்.

"பாய், இப்படி வெளியே போனவங்க எல்லாருமே பொழச்சாங்களா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பொழச்சவங்க எழுதினதுதானேம்மா நம்ம கைக்கு வருது" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை.

மதியம் மாடிப்படியில் செருப்புச் சத்தம். யாருடையதோ தொளதொள சட்டை, உப்புப் பூத்த தலை. என் வீட்டுக்காரர்! லாஞ்சை ஓட்டிய ஏழுமலை கரைக்குத் திருப்பாமல் நேரே ஆழத்துக்கு விட்டிருக்கிறார். காற்று தணிந்ததும் சென்னைத் துறைமுகம். அங்கிருந்து பஸ். வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். ஜமால் பாய் அவரைக் கட்டிக்கொண்டார்.

"இதோ பாரும்மா, ஒரு வரி எழுதாமலே ஒருத்தன் திரும்பி வந்துட்டான்!"

நன்றி சொல்லப் போன இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை, பழமும் வேட்டியும் எடுத்துக்கொண்டு இருவரும் சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்கு ஏழுமலையைப் பார்க்கப் போனோம். அவர் மனைவி மீன் குழம்போடு சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, அன்னிக்குக் காத்து முதல்ல எந்தப் பக்கம்? எப்ப மாறிச்சு?" என்று கேட்டேவிட்டேன். ஏழுமலை என் வீட்டுக்காரரை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"இன்னாம்மா நீ, வூட்டுக்காரரு உசுரோட குந்திகினு கீறாரு, காத்து எந்தப் பக்கம் அட்ச்சா உனுக்கு இன்னா?"

மற்றவர்கள் ஒரு பெருமூச்சு விட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள், எங்கள் தொழிலில்தான் அந்தப் பெருமூச்சுக்கும் திசையும் வேகமும் கேட்கத் தோன்றுகிறது.