பத்தி ஒன்பதும் ஆறுமுகத்தின் கையெழுத்தும்

"நீண்டகால நோய்க்கு மருந்து பெறுபவரின் கையெழுத்தில் ஐயம் எழுந்தால், மருத்துவ அதிகாரி அவரை நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். அதுவரை மருந்தை நிறுத்தி வைக்கலாகாது."

எங்கள் மருந்தகத்தின் நடைமுறைக் கையேட்டில் இது ஒன்பதாம் பத்தி. எனக்கு மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்த ஒருவன் அதை எப்படிப் பயன்படுத்தாமல் இருந்தான் என்பதுதான் இந்தக் குறிப்பு. இப்போது அந்த அலுவலக நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. மேட்ச் ஆகவில்லை

புனேயில் ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர்களுக்கான மருந்தகம் ஒன்றில் நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டு, இறந்துபோன ஒருவரின் பெயரில் அவர் மருமகன் எட்டு மாதம் சர்க்கரை மாத்திரை வாங்கியது தெரியவந்தது. தலைமை அலுவலகம் விழித்துக்கொண்டு ஒரு சுற்றறிக்கை விட்டது. ரெஜிஸ்டரில் போடும் கையெழுத்து, அட்டையில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் பெருவிரல் ரேகை வாங்க வேண்டும். பத்தி ஒன்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஜூன் மாதம் கவுன்ட்டர் கிளார்க் ஷிண்டே ஒருவரை என் மேஜைக்கு அழைத்து வந்தார். "மேட்ச் நஹி ஹோ ரஹா, சாப்."

வந்தவர் ஆறுமுகம். கருவிப் பட்டறையில் மெஷினிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம், வீடு கோந்த்வாவில். நான்கு வருடமாகப் பார்க்கின்சன்ஸ் என்னும் நடுக்க நோய். மாதாமாதம் அதற்கான லெவோடோபா மாத்திரை வாங்க வருவார். வலது கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. ரெஜிஸ்டரைப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்து பாதியில் நின்றது போல ஒரு கோடு. அட்டையிலோ 'வே. ஆறுமுகம்' என்று முத்து முத்தாக, அடிக்கோட்டுடன்.

"இன்னா சாப், நான்தான் சாப். மாசா மாசம் பாக்கறீங்க, மூஞ்சி தெரியலியா?"

"மூஞ்சிக்கு ரெஜிஸ்டர்ல கட்டம் இல்லைங்க. கட்டைவிரல் வச்சுடுங்க, முடிஞ்சுது" என்று மைப் பெட்டியைத் தள்ளினேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த நோயில் முகத்தசை இறுகிவிடும். கோபமா வருத்தமா என்று முகத்தில் தெரியாது. குரலும் கம்மிப்போயிருந்தது.

"எங்க அப்பாரு கடைசி வரிக்கும் கைநாட்டு. எனக்கு மொத சம்பளம் குடுக்கறப்ப கேஷியர் இதே மாதிரிதான் டப்பாவத் தள்ளுனான். நான் திருப்பித் தள்ளிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இப்ப நீங்க தள்றீங்க."

அன்று மாத்திரை இல்லாமல் போனார். நான் கோப்பில் 'கையெழுத்து வேறுபடுகிறது. பயனாளி ரேகை தர மறுப்பு' என்று எழுதினேன். பத்தி ஒன்பதா, சுற்றறிக்கையா, எது செல்லும் என்று கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அன்றே கடிதமும் போட்டேன். கடமையைச் செய்த திருப்தியோடு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

2. ரெஜிஸ்டரில் ஒரு ரிப்போர்ட்

ஆறாம் நாள் அவர் மனைவி சரசாவும் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரும் அவரை இரண்டு பக்கமும் தாங்கி அழைத்து வந்தார்கள். கையிருப்பை அரை அரையாக உடைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார் சரசா. அக்கம்பக்கக் கடைகளில் அந்த மாத்திரை இல்லை. 'அடுத்த வாரம் வரும்' என்று எல்லாக் கடையிலும் ஒரே பதில்.

"காலைல பாத்ரூம் வாசப்படில நின்னாரு சார். நின்னது நின்னதுதான். உள்ளயும் போவல, வெளியவும் வரல. ஒரு மணி நேரம் புடிச்சிக்கினு நின்னேன். நீங்க இங்க ரூல் புடிச்சிக்கினு இருந்தீங்க."

மருத்துவ அதிகாரி குல்கர்னி மேடத்தின் அறைக்கு ரெஜிஸ்டரை எடுத்துப் போனேன். அவர் இரண்டு வருடப் பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொரு மாதமும் ஆறுமுகத்தின் வரியில் விரலை வைத்துக் காட்டினார். முதலில் முழுப் பெயர். பிறகு அடிக்கோடு போனது. பிறகு எழுத்துகள் நெருங்கின. மாதத்துக்குக் கொஞ்சமாகச் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் அந்த எறும்பு.

"எழுத்து சின்னதாகிக்கொண்டே போவது இந்த நோயின் அடையாளம். நரம்பியல் டாக்டர் இங்கே மாதம் ஒருமுறைதான் வருகிறார். உங்கள் ரெஜிஸ்டரிலோ இவருடைய நோயின் ரிப்போர்ட் மாதாமாதம் பதிவாகியிருக்கிறது" என்றார் இந்தியில். பிறகு, "இவரை எனக்குத் தெரியும். சான்று எழுதித் தருகிறேன்."

ஆடிட்டில் கேள்வி வரும் என்றேன். கடிதம் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்றேன். மேடம் அவசரக் கையிருப்பிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து ஆறுமுகத்துக்குக் கொடுத்துவிட்டு, "முக்கால் மணி நேரம் கழித்துக் கையெழுத்து வாங்குங்கள்" என்றார்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் கையின் ஆட்டம் தணிந்தது. தோள் இறங்கியது. எழுந்து கவுன்ட்டருக்குத் தானே நடந்துபோய்ப் பேனாவை வாங்கினார். 'வே. ஆறுமுகம்'. சற்றுச் சிறியதுதான், ஆனால் அடிக்கோட்டுடன். ஷிண்டே அட்டையோடு ஒப்பிட்டு, "பர்ஃபெக்ட், காக்கா" என்றார், மராத்தியில் பெரியவர்களை அழைக்கும் முறையில்.

மாத்திரை வாங்கக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட மாத்திரை வேண்டும். இந்த வட்டத்தைப் போட்டவன் நான்.

3. பத்து மணி மாத்திரை

அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்தேன். எந்த உத்தரவிலும் இல்லாத ஏற்பாடு. மாதம் ஒருநாள் ஆறுமுகம் பத்து மணி மாத்திரையை வெறும் வயிற்றில் எங்கள் பெஞ்சில் வைத்தே போட்டுக்கொள்வார். பத்தே முக்காலுக்கு ஷிண்டே வரிசையை நிறுத்தி அவரைக் கூப்பிடுவார். எட்டு மாதம் இப்படியே ஓடியது. தலைமை அலுவலகத்துக்கு மூன்று நினைவூட்டல் போனது. ஏற்பாடு செய்த பெருமையில், பத்தி ஒன்பதை நானே பயன்படுத்தலாம் என்பதை மறந்தே போனேன். மறந்தேன் என்பதுகூடப் பொய்தான். பயன்படுத்தினால் என் கையெழுத்து அதில் இருக்க வேண்டும்.

மார்ச் பதினான்காம் தேதி மாத்திரை வேலை செய்யவில்லை. நோய் முற்ற முற்ற அப்படியும் சில நாட்கள் வரும் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். பத்தே முக்கால், பதினொன்று, பதினொன்றரை. பேனா மூன்று முறை கீழே விழுந்தது. மூன்று முறையும் ஷிண்டே குனிந்து எடுத்துக் கொடுத்தார். மேடம் அன்றும் சான்று எழுதித் தருவதாகச் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை என்று நான் அன்றும் சொன்னேன்.

சரசா என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வூட்டுக்குப் போலாம் வா. நாளைக்கு வரலாம்."

ஆறுமுகம் தலையை ஆட்டினார், அல்லது தலை தானாக ஆடியது.

"நாளைக்கு மாத்திரை இல்லடி." பிறகு என்னிடம், காது கொடுத்தால்தான் கேட்கும் குரலில்: "சாப், அந்த டப்பாவ இப்பிடித் தள்ளுங்க."

தள்ளினேன். விரல் நிற்கவில்லை. ஷிண்டே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரேகை இழுபட்டு, நீலத் தீற்றலாக விழுந்தது. எவருடைய ரேகை என்று யாராலும் சொல்ல முடியாது. சுற்றறிக்கைக்கு அது போதுமானதாக இருந்தது.

4. பதில்

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். விதிக்கு விளக்கம் கேட்டு எழுதுவது, நாம் முடிவெடுக்காமல் இருப்பதற்கு அலுவலகம் கண்டுபிடித்த மிக மரியாதையான வழி. அந்தக் கடிதத்தின் மறுமுனையில் ஒருவர் வாசற்படியில் உறைந்து நிற்கக்கூடும்.

தலைமை அலுவலகத்தின் பதில் இரண்டே வரி. 'சுற்றறிக்கை பத்தி ஒன்பதை ரத்து செய்யவில்லை. மருத்துவ அதிகாரியின் சான்று இருந்தால் எந்த அளவிலான கையெழுத்தும் ஏற்கத்தக்கது; இதற்கு இவ்வலுவலகத்தின் அனுமதி தேவையில்லை.' தபால் பதிவேட்டில் நானே வரவு வைத்து, தேதி போட்டேன்: மார்ச் பதினெட்டு.