குளிர்ப் பாடம்

கல்யாணமாகி நான் போர்ட் பிளேருக்கு வந்தபோது என் கணவர் அரசாங்க ஒர்க்‌ஷாப்பில் கலாசி. மெக்கானிக்குக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆனால் அதிகாரிகள் வீட்டு ஃப்ரிட்ஜோ, கரைக்கு வந்த கப்பலின் குளிர் அறையோ கெட்டுப்போனால் அவரையும் கூட அழைத்துப் போவார்கள். பார்த்துப் பார்த்தே வேலை கை வந்திருந்தது.

அவருடைய ஃபோர்மேன் தெலுங்குக்காரர். எல்லோரிடமும் இந்தியில்தான் பேசுவார். "டெஸ்ட் பாஸ் கர்லோ, மெக்கானிக் பன் ஜாவோகே" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அட்டை கிழிந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்தையும் கொடுத்து அனுப்பினார். மெட்ராஸுக்குப் போய்ச் சில மாதம் பயிற்சி எடுத்துப் பரீட்சையில் தேறினால் மெக்கானிக் ஆகலாம். என் கணவர் எட்டாவது வரைதான் படித்தவர். நான் சிவகங்கையில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன்.

"நீ வாசி. நான் கேட்டுக்கிறேன்" என்றார்.

அப்போது கடலை ஒட்டிய மின்னி பே பகுதியில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டில் குடியிருந்தோம். மழைக்காலம். சாயங்காலம் ஆனால் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து நான் வாசிப்பேன். மழை ஓங்கினால் நிறுத்துவேன், ஓய்ந்தால் தொடர்வேன். முதல் பாடத்திலேயே, குளிர் என்று தனியாக ஒன்று கிடையாது, வெப்பம் வெளியேறுவதைத்தான் குளிர் என்கிறோம் என்று போட்டிருந்தது. தமிழில் சொன்னேன்.

"அப்போ இத்தனை நாளா நான் என்னத்தைச் செஞ்சுக்கிட்டிருந்தேன்?" என்றார்.

எனக்கும் நம்பிக்கை வரவில்லை. அவர் எழுந்து போய் ஒரு துணியை நனைத்து என் மணிக்கட்டில் சுற்றினார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டச் சொன்னார். கடல் காற்று பட்டதும் கை சில்லிட்டது.

"தண்ணி ஆவியாப் போறப்ப உன் சூட்டையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போகுது. ஃப்ரிட்ஜுக்குள்ள கேஸும் இதைத்தான் செய்யுது. வெளிய வந்து சூட்டை விட்டுட்டு மறுபடி உள்ள போகுது. அவ்வளவுதான்."

அந்த மாதங்களில் எனக்குக் கனவெல்லாம் குழாய்கள்தான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவற்றுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சூடாகும், குளிரும், திரும்ப வரும். காலையில் சோறு வடிக்கும்போது எழுகிற ஆவியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பயிற்சிக்கு அவர் கிளம்பியபோது நானும் கூடவே ஜஹாஜ், அதுதான் கப்பல், ஏறினேன். மெட்ராஸில் ஒரு மாடி அறை கிடைத்தது. காலையில் அவருக்கு வகுப்பு. பிற்பகலில் ஏ.சி. வசதி உள்ள ஒரு சினிமா தியேட்டரில் செய்முறைப் பயிற்சி. குளிர் உண்டாக்கும் யந்திரமெல்லாம் தியேட்டருக்கு அடியில் இருந்தது. நான் பார்க்கக் கேட்டேன். பொம்பளைகளை உள்ளே விடமாட்டார்களாம்.

"மேல வந்து உக்காரு. அதே குளிருதான் வரும்" என்றார்.

ஒரு மேட்னி ஷோவுக்குப் போனேன். விளக்கு அணைந்ததும் மேலேயிருந்து குளிர்ந்த காற்று மெல்ல இறங்கி என்னைச் சூழ்ந்தது. இந்தக் காற்றை அவர்தான் கீழேயிருந்து அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டு முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். படத்தில் யாரோ அழுதார்கள், யாரோ பாடினார்கள். அதற்குள் நான் மின்னி பே தண்ணீருக்கு அடியில் நடந்துகொண்டிருந்தேன். மீன்கள் விலகி வழிவிட்டன.

கண் விழித்தபோது என் தோளில் எண்ணெய் வாடையடிக்கும் துண்டு கிடந்தது. இடைவேளையில் வந்து பார்த்திருக்கிறார். என்னை எழுப்பாமல் துண்டைப் போர்த்திவிட்டுப் போய், கீழே குளிரையும் கொஞ்சம் குறைத்துவிட்டார். படம் முடிவதற்குள் சனங்கள் விசிறிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏ.சி. யந்திரங்களின் தலைமை ஆபரேட்டர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். "யாரைக் கேட்டுக் குறைச்சே?"

"ரொம்பக் குளிருதுன்னு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு சார்."

"யாரு சொன்னது?"

"ஒரு அம்மா, சார்."

அன்றைக்கு அறைக்குத் திரும்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பரீட்சையில் செய்முறை அவருக்குச் சுலபமாக இருந்தது. வாய்மொழித் தேர்வில் ஆங்கிலக் கேள்வி வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கேள்வி கேட்டவர் தமிழர். "தெரிஞ்சதைத் தமிழ்லயே சொல்லுப்பா" என்றிருக்கிறார். ஜன்னலோரம் நான் சொன்ன வார்த்தைகளிலேயே சொல்லித் தேறிவிட்டார்.

அதே தியேட்டரில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மெயின்லேண்டிலேயே இருந்துவிட ஆசை. ரயில் ஏறினால் அம்மா வீடு. அதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"இங்க இருந்தா ஆபரேட்டர், அப்புறம் பெரிய ஆபரேட்டர். ஜன்னலில்லாத ரூம்ல ஒரே மிஷினைப் பாத்துக்கிட்டுக் கிடக்கணும். அங்க ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜு, கப்பலு, புதுசா வரப்போற ஐஸ் பிளான்ட்டு, எல்லாத்துலயும் கை வைக்கலாம்" என்றார். பிறகு, "நீ இருக்கலாம்னா இருப்போம்" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். போகலாம் என்றேன். முழு மனதோடு சொன்னேன் என்று சொல்லமாட்டேன். திரும்புகிற கப்பலில் கரை மறையும்வரை மேல்தளத்திலேயே நின்றேன். அவரும் பக்கத்தில் நின்றார்.

மெக்கானிக் ஆனதும் போர்ட் பிளேரிலேயே டெலானிபூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒர்க்‌ஷாப் கலாசிகள் மூன்று நான்கு பேர் சாயங்காலங்களில் பாடம் கேட்க வர ஆரம்பித்தார்கள். வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர். நான் ஆங்கிலத்தில் வாசித்து என் அரைகுறை இந்தியில் விளக்குவேன். நான் தடுமாறுகிற இடத்தில் அவர் கையால் செய்து காட்டுவார். ஒருவர் கப்பலில் குளிர் அறை மெக்கானிக்காகப் போனார். இன்னொருவர் கல்கத்தாவில் ஏ.சி. கம்பெனியில் சேர்ந்தார். மற்றவர்கள் இங்கேயே நிலைத்தார்கள். எல்லோருக்கும் நான் பாபிஜி, அண்ணி.

ஐஸ் பிளான்ட் திறந்த காலையில் ஊரே வந்திருந்தது. கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்து எங்கள் கால்களை மூடியது. பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். அவர் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, வா என்று கைகாட்டினார்.

உள்ளே போனேன். அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. அத்தனை வருஷம் காகிதத்தில் கோடுகளாக மட்டும் பார்த்தவை ஆளுயரத்துக்கு நின்றன.

"இது கம்ப்ரஸர்" என்றேன்.

"ஆமா."

"இதுல போய்த்தான் சூட்டை விடுது. கண்டென்ஸர்."

"ம்."

குழாய்களைப் பின்பற்றி நடந்தேன். ஒரு குழாய் முழுக்க வெண்பனி பூத்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன்.

"எடு, ஒட்டிக்கும்" என்றார் மெதுவாக.

வாசலில் நின்ற ஃபோர்மேன், பாபிஜி அங்கே என்ன செய்கிறார் என்று இந்தியில் கேட்டார்.

"இன்ஸ்பெக்‌ஷன், சாப்" என்றார் என் கணவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அன்றைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு ஐஸ் கொடுத்தார்கள். என் பங்கை வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு டெலானிபூர் ஏற்றத்தில் நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. நடக்க நடக்க வாளிக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. வெயிலின் சூடு ஐஸுக்குள் போகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவசரப்படவில்லை.